வெக்கையும் அசுரனும்: வெகுளியின் அளவும் காரணமும்

பூமணி இயற்றிய 'வெக்கை' என்னும் புதினம் 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' என்னும் திரைப்படம் 2019 அக்டோபர் 4ஆம் நாள் வெளியாயிற்று. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் அப் புதினத்தைக் கற்றோர் தொகை பெரிதன்று. படத்தைக் கண்டோர் தொகை மிகப் பெரிது. தமிழில் சிறந்த படத்திற்கும், தலைமை நடிகர் தனுஷுக்குமாக இரு தேசிய விருதுகளை அப் படம் பெற்றது. ஆகவே 'வெக்கை' என்றால் 'அசுரனின் கதை' என்று மக்கள் அறியும் நிலை தோன்றியுள்ளது. மூலத்தை வழியைக் கொண்டு அறிகின்ற இந் நிலை தமிழ் பயிற்றுவோர்க்குக் கவலை தருவது.

இக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு கட்டு விடைத்தாள். விருதுநகர் வட்டாரத்தில் முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர்க்கு 'வெக்கை' புதினத்தில் தந்தைப் பாத்திரம் பற்றி ஒரு வினா விடுத்திருந்தேன். புதினத்தில் தந்தையின் பெயர் பரமசிவம். விடைத்தாள்கள் பலவற்றில் அவர் சிவசாமி ஆகியிருந்தார். சிவசாமி என்பது படத்தில் வரும் பெயர். பெயர்ப் பிழையோடு நின்றிருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இளமையில் அவர் காதலித்த மாரியம்மாள், அவள் குடிசையோடு எரிந்தமை, பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், இறுதியில் மகனைக் காக்கப் பழியைத் தாமே ஏற்றமை ஆகிய அனைத்தும் புதினத்தின் செய்திகளாகவே எழுதப்பட்டிருந்தன. இவற்றுள் ஒன்றும் புதினத்தில் இல்லை. சோம்பலால் நூலைக் கல்லாது விட்டனர் என்று அம் மாணவரைக் கடிந்துவிடலாம். ஆனால் அவருள் சிலர் நூலைக் கற்றவர் என்பதை யான் அறிவேன். கற்ற நூலைக் கண்ட படம் மூடிவிட்டது. அங்ஙனம் மூடப்பட்டது எது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

ஒரு நூலிலிருந்து மற்றொரு நூல் பிறக்கும் முறை தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. நூலை முதல் என்றும் வழி என்றும் பகுத்த தொல்காப்பியர், மரபியலில் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தினார். திரைப்படத்தை இவ் வகைகளுள் ஒன்றில் அடக்க முற்படின் 'தொகைவிரி' என்பதே பொருந்தும். முதல்நூலில் ஒருசாரவற்றைச் சுருக்கியும் ஒருசாரவற்றைப் பெருக்கியும் செய்வது அது. எனவே படம் நூலை மாற்றிவிட்டது என்ற குறை தன்னளவில் குறையாகாது. மாற்றாத வழிநூலால் பயன் என்ன என்றும் கேட்கலாம். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் தம் காப்பியத்துள் அமைத்ததை யாரும் பிழை என்று சொல்வதில்லை. வினவத் தக்கது வேறு: எதனைத் தொகுத்தார், எதனை விரித்தார், அதனால் பொருள் எங்கே பெயர்ந்தது?

திரைப்படத் துறையில் இவ் வினாவிற்குப் பலவகை விடைகள் உண்டு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்திற்கு எடுத்துக்கொண்டது ஒரு சிறு வித்து மட்டுமே. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) படமானபோது ஆசிரியரே உடனிருந்து எழுதினார். 'அசுரன்' இவ் விரண்டிற்கும் இடைப்பட்டது. புதினத்தின் எலும்புக்கூட்டை அது கைவிடவில்லை. ஆனால் அதன்மேல் வேறோர் உடலை வளர்த்தது.

புதினத்தின் கதை மிகச் சிறிது. சிதம்பரம் பதினைந்து வயதுச் சிறுவன். அவன் அண்ணனை வடக்கூரான் என்னும் நிலக்காரன் ஆள்வைத்துக் கொன்றான். சிதம்பரம் வடக்கூரானை வெட்டுகிறான். தந்தையும் மகனும் ஊரைவிட்டு ஓடிக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகின்றனர். ஏறத்தாழ எட்டு நாள் கழிகின்றது. பின்னர் நீதிமன்றத்தில் தம்மை ஒப்புவிக்கப் புறப்படுகின்றனர். இவ்வளவே கதை. கொலை நூலின் வாயிலிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய பக்கங்களில் பெருநிகழ்ச்சி எதுவும் இல்லை. நடத்தல், ஒளிதல், நீர் தேடுதல், சமைத்தல், உண்ணல், உறங்குதல், பேசுதல் என்பனவே நிரம்பியுள்ளன.

நூலின் தொடக்கத்தை ஊன்றி நோக்க வேண்டும். சிதம்பரம் வடக்கூரானைக் கொல்லக் கருதியவன் அல்லன். கை ஒன்றைத் துண்டிக்கவே கருதினான். வெட்டு அவன் கருத்தைக் கடந்து சென்று உயிரைக் கொண்டது. இச் செய்தியை ஆசிரியர் நூலின் நடுவிலோ இறுதியிலோ ஒரு திருப்பமாக வைக்கவில்லை, வாயிலிலேயே வைத்துவிட்டார். அண்ணனின் உயிருக்கு ஈடாக ஒரு கையைக் கேட்டவன் அச் சிறுவன். அவன் கேட்டது தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதினும் குறைவு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளி பிறக்கும் நிலைக்களன் நான்கு கூறினார். உறுப்பினை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல் என்பன அவை. அலைத்தல் என்பதனுள் வைதலையும் புடைத்தலையும் இளம்பூரணர் அடக்குவர். பேராசிரியரோ கொலை என்பதற்கு உயிரைக் கொல்லுதல் என்று நேர்பொருள் கொள்ளாமல், ஒருவனுடைய அறிவு, புகழ் முதலியவற்றைக் கொன்று பேசுதல் என்று உரை காண்பர். இவ் விரண்டாம் உரை முதலில் வலிந்து கொண்டதுபோலத் தோன்றும். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப் புதினத்தையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றிய பின்னர், உரையாசிரியர் இருவரும் இரு வேறு வெகுளிகளைக் கண்டு எழுதினர் என்றே தோன்றுகிறது.

புதினத்தின் வெகுளி குடிகோளும் உயிர்க்கொலையும் பற்றிப் பிறந்தது. அண்ணன் மாண்டான், நிலம் பறிபோக இருக்கிறது, குடி அழிய இருக்கிறது. சிறுவன் அதற்கு விடையாகத் தேர்ந்ததோ உறுப்பறை. நால்வகையுள் மிகக் கொடியதைப் பட்டவன் அதனினும் சிறியதைச் செய்ய முற்பட்டான். வெகுளிக்கு ஓர் அளவு உண்டு என்பதையும், அவ் அளவு கையிலுள்ள அரிவாளுக்குத் தெரியாது என்பதையும் ஆசிரியர் ஒருங்கே உணர்த்திவிட்டார். அதன்பின் வரும் எட்டு நாட்களும், அளவு கடந்துபோன ஒரு செயலோடு ஒரு சிறுவன் எவ்வாறு வாழப் பழகுகிறான் என்பதைக் காட்டுகின்றன. அவன் தேம்பித் தேம்பி வருந்துவதில்லை. தன் வீரத்தைப் பாராட்டிக்கொள்வதும் இல்லை. பசிக்கிறது, உண்கிறான், அஞ்சுகிறான், தந்தையிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். சிறுவன் சிறுவனாகவே இருக்கிறான்.

படம் இவ் வரிசையை மாற்றியது. தந்தையும் மகனும் இரவில் ஓடிச் செல்வதிலிருந்து படம் தொடங்குகிறது. கொலைக்குரிய காரணங்கள் பின்னர் ஒவ்வொன்றாக விரிகின்றன: நிலத்தகராறு, மின்வேலி பாய்ந்து நாய் இறத்தல், கிணற்று நீர்ப் பூசல், மூத்த மகன் முருகன் சிறைப்படுதல், அவன் கொலையுண்டு தலையின்றிக் கிடத்தல். இவை யாவும் நம் கண்முன் நிகழ்ந்த பிறகே சிதம்பரத்தின் அரிவாள் ஓங்குகிறது. அவ் வேளையில் அரங்கிலிருப்போர் அவ் வெட்டை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றனர். விழுந்ததும் ஆரவாரம் எழுகின்றது. விருதுநகரில் யான் படம் பார்த்த அரங்கில் எழுந்தது. புதினத்தைக் கற்பவர் அவ் ஆரவாரத்தைச் செய்ய இயலாது. கொலை முன்னே கிடக்க, காரணங்கள் தந்தையும் மகனும் பேசிச் செல்லும் பேச்சில் சிறுசிறு துணுக்குகளாகப் பின்னால் வந்து சேர்கின்றன. கொலையின் எடையை முதலில் சுமந்துகொண்டு, அதன் நியாயத்தைப் பிறகே அறிகின்றோம். முன்னதில் நியாயம் கொலையைச் சுமந்து வருகிறது. பின்னதில் கொலை நியாயத்தைத் தேடிப் போகிறது.

இதனைப் படத்தின் குறையாக மட்டும் கூறுவது நடுநிலை ஆகாது. வெற்றிமாறன் வேறொரு வினாவை எழுப்பியுள்ளார். புதினத்தின் வினா வெகுளியின் அளவு பற்றியது. படத்தின் வினா அதன் காரணம் பற்றியது. அதிலும், காரணம் இவ்வளவு இருந்தும் தந்தை ஏன் வெகுளவில்லை என்பது பற்றியது. இவ் வினா புதினத்தில் இல்லை. பரமசிவத்தைக் கோழை என்று மகன் இகழ்வது அக் கதையை நடத்தும் விசை அன்று. படத்தில் அதுவே விசை. தந்தை குடிப்பவர், பணிபவர், சண்டையை விலக்குபவர். மூத்த மகனை மீட்பதற்காக வடக்கூரில் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழுகிறார். அக் காட்சி படத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. பேராசிரியர் உரையில் கூறிய கொலை அதுதான். அங்கே உயிர் போகவில்லை. ஒருவனுடைய மதிப்பு வீடுவீடாகக் கொல்லப்படுகிறது. கொல்லப்படுபவன் தானே அக் கொலைக்கு உடன்பட்டு நடக்கிறான்.

அலைத்தல் என்னும் நிலைக்களனுக்குப் படம் தேர்ந்த பொருள் செருப்பு. தந்தையின் இளமைக் கதையில் மாரியம்மாள் செருப்பணிந்து தெருவில் நடந்தாள் என்பதற்காக அதனைத் தலையில் சுமக்கச் செய்து இழிவுபடுத்துகின்றனர். அதனைச் செய்தவனைச் சிவசாமி செருப்பாலேயே அடிக்கிறான். ஒரு தலைமுறை கழிந்தபின் முருகனும் வடக்கூரானைச் செருப்பால் அடிக்கிறான். அவ் அடி அவனுடைய உயிருக்கு விலையாகிறது. தந்தை ஒருகால் செய்ததையே மகன் அறியாமல் செய்கிறான் என்பது காண்போர்க்குப் பின்னர்தான் புலனாகிறது. காலில் கிடக்கும் ஒரு பொருளைக் கொண்டு இரு தலைமுறையை இணைத்த இவ் அமைப்பு, தேர்ந்த காப்பியப் புலவனுக்கு உரியது.

இங்கே புதினத்திற்கும் படத்திற்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாட்டிற்கு வருகின்றோம். பூமணி சாதியின் பெயரைச் சொல்லிக் கதையை நடத்துவதில்லை. வடக்கூரான் என்பதே திசையும் ஊரும் பற்றி வந்த பெயர். சாதி அங்கு இல்லை என்பது பொருள் அன்று. யார் நிலம் யாருடையது, யார் கிணறு யாருடையது, யாரை யார் எப்படி விளிக்கின்றனர் என்பவற்றில் அது காற்றைப்போல் பரவி நிற்கிறது. கரிசல் நிலத்தார்க்கு அதனைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. நிலக்காரனுக்கு எதிரே ஒரு சிறு சம்சாரிக் குடும்பம் நிமிர்ந்து நிற்பதையே அவர் எழுதினார். அக் குடும்பத்தை இரங்கத் தக்கதாக அவர் காட்டவில்லை. அவர்களுக்கு நிலம் உண்டு, உறவு உண்டு, துணிவு உண்டு, எள்ளல் உண்டு. கொடுமைக்கு ஆளானோரைப் பற்றிய தமிழ்ப் புதினங்களில் இத்தகைய நிமிர்வு அன்று அரிது.

படமோ பெயர் சொல்லத் துணிந்தது. தந்தையின் இளமைக் கதை முழுதும் வெற்றிமாறன் சேர்த்தது. அதன் நடுவே பஞ்சமி நிலம் நிற்கிறது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அரசு ஒதுக்கிய நிலங்கள் அவை. அவற்றைப் பிறருக்கு விற்கத் தடை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. இச் செய்தியைப் பெருந்திரளான மக்கள் காணும் படமொன்றின் நடுவில் வைத்தமை வெற்றிமாறனின் தனிப் பங்களிப்பு. படம் வெளியானபின் பஞ்சமி நிலம் அரசியல் மேடைகளிலும் விவாதப் பொருளாயிற்று. புதினம் செய்யாததை, செய்யக் கருதாததை, படம் செய்தது.

அவ் இளமைக் கதையின் முடிவில் குடிசைகள் மக்களோடு எரிகின்றன. அத் தீயைக் கண்ட எவர்க்கும் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டது நினைவுக்கு வரும். வெண்மணியின் தீ இலக்கியத்துள் முன்பே நுழைந்தது; இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) அதனைப் பற்றியது. அப் புதினமும் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) என்று படமாயிற்று. எனினும் ஓர் ஐயம் எழுகிறது. வெண்மணி காவிரிப் பாசனத்து நெல்வயலில் நிகழ்ந்த கூலிப் போராட்டத்தின் விளைவு. நிலமற்ற கூலியுழவர் சங்கமாய்த் திரண்டதன் விளைவு. கரிசலோ மானாவாரி நிலம். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைப்பது. சிறு துண்டு நிலத்தைத் தாமே உழுதுண்ணும் குடும்பங்கள் நிறைந்தது. இரு மண்ணின் பகையும் இரு வேறு வகையின. அங்கே பகை கூலியைப் பற்றியது. இங்கே வரப்பையும் கிணற்றையும் பற்றியது. மருதத்தின் தீயைக் கொணர்ந்து கரிசலில் மூட்டியதால் படத்தின் வரலாறு அகன்றது. அதன் மண் சற்று மங்கியது. புதினத்தில் மண் மங்குவதே இல்லை. இது யான் படத்தின்மேல் வைக்கும் தலையாய குறை. முற்றும் வலியுடைய குறைதானா என்று என்னை யானே வினவிக்கொள்வதும் உண்டு. ஏனெனில் அங்ஙனம் அகலாவிட்டால் இக் கதை ஒரு குடும்பப் பகையாகவே காண்போர் மனத்தில் நின்றிருக்கும்.

அவ் இளமைக் கதையைத் தந்தை மகனுக்கு எடுத்துரைப்பதாகப் படம் அமைத்துள்ளது. இரணியன் கதையை வீடணன் இராவணனுக்கு எடுத்துரைத்ததும் இத்தகைய உத்தியே: முன்னோர் அழிந்த கதையைக் கூறிப் பின்னோரைத் தடுத்தல். ஆனால் வீடணன் தன் கதையைச் சொல்லவில்லை. சிவசாமி தன் கதையைச் சொல்கிறார். அவ் அளவில் கதையின் மையம் மகனை விட்டுத் தந்தையிடம் பெயர்ந்துவிடுகிறது. சிதம்பரம் செய்தது, தந்தை முன்பு செய்ததன் சிறு நிழலாகச் சுருங்குகிறது. புதினத்தில் அச் சிறுவனுக்கே உரியதாய் இருந்த செயலை, அதன் அச்சத்தோடும் அளவோடும் சேர்த்து, படம் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

பெயரும் இம் மாற்றத்தைக் காட்டும். வெக்கை என்பது கோடையின் வெப்பம். மாடுகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த கொள்ளைநோய்க்கும் வெக்கை நோய் என்றே பெயர். கரிசலார் செவியில் இரு பொருளும் ஒலிக்கும். அது ஒருவனுடைய பண்பு அன்று. எல்லாரையும் சூழ்ந்து நிற்கும் நிலை. அசுரன் என்பதோ ஓர் ஆளின் பெயர். நிலைமையைப் பற்றிய நூல் தலைவனைப் பற்றிய படமாயிற்று என்பதைத் தலைப்புகளே ஒப்புக்கொள்கின்றன. அதனால்தான் ஒருவன் பலரை வீழ்த்தும் நெடிய சண்டைகள் படத்தில் இடம்பெறுகின்றன. புகழ்பெற்ற நடிகரின் படத்திற்கு அவை வேண்டும் என்பர். வேண்டலாம், ஆனால் வெக்கையை எவரும் வேல்கொண்டு வெல்ல இயலாது.

இனி, படம் தொகுத்த பகுதியைக் காண்பாம். புதினத்தின் பெரும்பகுதி அதுவே. தந்தையும் மகனும் காட்டில் கழிக்கும் நாட்களைப் படம் சில காட்சிகளில் கடந்துவிட்டது. பூமணி அந் நாட்களிலேயே தம் கலையைச் செலவிட்டார். இதனைத் திணை நெறியில் காண்பது தகும். பாலைக்குத் தனிநிலம் இல்லை என்பதும், பிற நிலங்கள் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பதும் தமிழ் மரபு. தம் ஊரும் தம் காடும் கொலையால் ஒரே இரவில் அயல்நிலம் ஆகிவிட்ட இருவர் செல்லும் வழி பாலையே ஆகும். வேனிலும் நண்பகலும் அங்கு உண்டு. சுரம் கடப்போர் தலைவனும் தலைவியும் அல்லர்; தந்தையும் மகனும். ஆயினும் அகப்பாடலின் பாலைக்கு இல்லாத ஒன்று இங்கு உள்ளது. இயல்பு திரிந்த அந் நிலம் இவர்களுக்கு உணவளிக்கிறது. எந்தச் செடி உண்ணத் தக்கது, எங்கே நீர் ஊறும், எந்தப் பாறையின் பின்னே காற்று வரும் என்பதைத் தந்தை அறிவார், மகனுக்குக் கற்பிக்கிறார். செடியும் கொடியும் பறவையும் விலங்கும் பக்கந்தோறும் வருகின்றன. கருப்பொருள் இங்கு அணிக்காக வந்ததன்று. ஆட்சியும் சட்டமும் துரத்த, நிலம் மட்டும் ஒளித்துவைத்து ஊட்டுகிறது.

பேச்சு மிகுந்தது இப் புதினம். ஆசிரியர் இடையில் தோன்றி அறம் உரைப்பது அரிது. கரிசல் வழக்கில் தந்தையும் மகனும் பேசிக்கொண்டே செல்கின்றனர். அப் பேச்சில் கொலையைவிடச் சோறும் பிறவும் மிகுதி. நகைச்சுவையும் உண்டு. ஒரு கொலைக்குப்பின் தந்தை மகனோடு இவ்வளவு இயல்பாகப் பேசக்கூடுமா என்று வகுப்பில் ஒரு மாணவர் வினவினார். வேறு எவ்வாறு பேசுவது என்று அருகிலிருந்த மாணவி திருப்பிக் கேட்டார். அவ் விடையினும் சிறந்த விளக்கத்தை யான் எந்தத் திறனாய்வு நூலிலும் கண்டதில்லை. காட்சிக் கலைக்கு இப் பேச்சு இடர் தரும் என்பது உண்மையே. எட்டு நாள் பேச்சை இரண்டரை மணிக்குள் அடக்க எவராலும் இயலாது. எனினும் அதனை இழந்ததால், தந்தை மகனுக்கு அளித்த கல்வி எது என்பதே மாறிவிட்டது. இது முடிவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம்மை இட்டுச்செல்கிறது.

படத்தின் இறுதியில் கொலைப் பழியைச் சிவசாமி ஏற்று நீதிமன்றத்துள் செல்கிறார். செல்லுமுன் மகனுக்குக் கூறும் அறிவுரை பலரும் அறிந்ததே: நிலத்தைப் பறிப்பர், பணத்தைப் பறிப்பர், கற்ற கல்வியைப் பறிக்க இயலாது என்னும் கருத்துடையது. புதினத்தில் இவ் அறிவுரை இல்லை. அங்கே நீதிமன்றத்தை நோக்கித் தந்தையும் மகனும் ஒருங்கே செல்கின்றனர். செய்தவன் தன் செயலைத் தானே சுமந்து செல்கிறான். தந்தை உடன் செல்கிறார். நீதிமன்றம் என்ன செய்யும் என்பதை ஆசிரியர் எழுதவில்லை. பிறன் பழியைத் தான் ஏற்றல் உயர்ந்த செயல்தான். ஆயினும் புதினத்தின் நெறிப்படி நோக்கின், அச் செயல் சிறுவனிடமிருந்து அவனுடைய வெகுளியை இரண்டாம் முறையாக வாங்கிக்கொள்கிறது. தந்தையின் பழங்கதை ஒருமுறை வாங்கியது. தந்தையின் ஈகம் மறுமுறை வாங்கியது. காட்டில் நிலம் கற்பித்த கல்வியின் இடத்தில் பள்ளிக் கல்வி வந்து அமர்ந்தது.

திறனாய்வாளனாக யான் இவ்வாறு கூறுவேன். ஆசிரியனாக, அதிலும் இம் மாவட்டத்து ஆசிரியனாக, இவ்வளவில் நிறுத்த இயலவில்லை. பூமணி கோவிற்பட்டிப் பகுதியினர். அப் பகுதியும் சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளும் தீப்பெட்டித் தொழிலால் ஒன்றுபட்டவை. விடியுமுன் ஊருக்குள் வண்டி வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆலைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பூமணியே எழுதி இயக்கி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ஆக்கமாக வந்த 'கருவேலம்பூக்கள்' அச் சிறுவரைப் பற்றிய படம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிச் சிறுவர் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பும் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று என் வகுப்பில் அமர்ந்திருப்போருள் பலர் அச் சிறுவர் சிறுமியரின் மக்கள். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவர்கள். தாய் இன்றும் பட்டாசுத் தொழிலுக்குச் செல்லும் மாணவியர் உளர். பட்டாசு ஆலையில் விபத்து என்ற செய்தி வந்தால் வகுப்பில் கைப்பேசிகள் ஒலிக்கத் தொடங்கும், பாடம் நின்றுவிடும். 'அசுரனி'ன் இறுதி அறிவுரையைப் புதினத்திற்குப் புறம்பானது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அவர்தம் முகங்களைக் கண்டேன். அவ் அறிவுரை அவர்கள் வீட்டில் நாள்தோறும் வேறு சொற்களில் வழங்குவது. அது புறம்பானது என்று கேட்க அவர்கள் விரும்பவில்லை.

இம் மாவட்டத்தார்க்கு இக் கதையில் பிறிதோர் உரிமையும் உண்டு. இரு ஆக்கங்களிலும் சிறுவன் கையில் அரிவாளோடு வெடிகுண்டும் இருக்கிறது. பிற ஊரார்க்கு அது வியப்பளிக்கலாம். மருந்தின் மணம் உடையில் ஏறிய கைகளால் வளர்க்கப்பட்டோர்க்கு அதில் வியப்பு இல்லை. விழாவுக்கு வெடிக்கும் மருந்தே பகைக்கும் வெடிக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். சாகித்திய அக்காதெமி 2014இல் பரிசளித்த தம் 'அஞ்ஞாடி' புதினத்தில் பூமணி 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலகம் வரை பின்சென்று இந் நிலத்துப் பகைகளின் வேரைத் தேடினார். 'வெக்கை'யில் பெயர் சொல்லாது விட்டவற்றை அங்கே பெயர் சொல்லி எழுதினார். ஆகவே, அவர் வரலாற்றை அறியாமல் 'வெக்கை'யைச் சுருக்கினார் என்று கருதுவோர் பின்னைய நூலையும் ஒருசேரக் கற்க வேண்டும்.

விடைத்தாள்களுக்குத் திரும்புவாம். படத்தின் செய்திகளைப் புதினத்தின் செய்திகளாக எழுதியவர்க்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டியிருந்தது, குறைத்தேன். மறு பருவத்தில் வினாவை மாற்றினேன். சிதம்பரம் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டக் கருதியது ஏன் என்று கேட்டேன். படத்தை மட்டும் கண்டவர் இவ் வினாவிற்கு விடை எழுத இயலாது என்பது என் கணிப்பு. பெரும்பாலோர் நூலைத் திறந்தனர். ஒரு மாணவர் எழுதியிருந்த விடை மட்டும் மிகச் சிறியது. கை போனால் வடக்கூரான் உயிரோடு இருப்பான், ஒவ்வொரு நாளும் சோற்றுக்குக் கை நீளும்போது அண்ணனை நினைப்பான் என்று சிறுவன் எண்ணியிருப்பான் என்பது அவ் விடை. நூலில் அவ்வாறு இல்லை. முழு மதிப்பெண் இடுவதா என்று இரு நாள் எண்ணினேன், இட்டேன்.